எந்த ஷஃபான்? – கல்லூரி மாணவர்களும் நாட்குறிப்பும்

 

 

இரண்டாம் கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுடைய ஆட்சிக் காலம். கடன் பத்திரம் ஒன்று அவர்களிடம் கொண்டுவரப்படுகிறது. ஷஃபான் மாதத்தில் பணம் திருப்பித் தரப்பட வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த கலீஃபா அவர்கள், இது எந்த ஷஃபான் என்று கேட்டார்கள். கடந்து போன ஷஃபானா, இப்பொழுது நடப்பதா, இனி வரப்போவதா? யாராலும் பதில் கூற இயலவில்லை. மாதம் எழுதப்பட்டிருந்தது, ஆண்டு எழுதப்படவில்லை. உடனே ஸஹாபாப் பெருமக்களை ஒன்றுகூட்டி ஆலோசனை செய்தார்கள். நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா சென்ற ஹிஜ்ரத்தை ஆண்டுக் கணக்கின் தொடக்கமாக வைத்துக்கொள்வது என்றும், முஹர்ரமை முதல் மாதமாகக் கொள்வது என்றும் முடிவாயிற்று. ஹிஜ்ரி 16 அல்லது 17ஆம் ஆண்டில் இது நிகழ்ந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஹிஜ்ரி ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதற்குப் பின்னால், தேதி இல்லாத ஒரு தாள் இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மக்தப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தொழுகை என்பார்கள், சொர்க்கம் என்பார்கள். ஆனால் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனமே மிக நீளமானது. அது பேசுவது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி! தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுமாறும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் அதன் தவணையுடன் எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்றும் அல்லாஹ் அங்கே கட்டளையிடுகிறான். மனிதனைப் படைத்தவன் அவனுடைய மறதியையும் அறிந்தவன் அல்லவா?

இந்த வசனம் கடை முதலாளிகளுக்கு மட்டும் உரியது என்று மாணவர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். கல்லூரியில் சேர்ந்த அன்றே நீங்கள் பல தவணைகளுக்குக் கட்டுப்பட்டவர்களாக ஆகிவிட்டீர்கள். இன்ன தேதிக்குள் ரெக்கார்டு நோட்டு கொடுக்க வேண்டும், இன்ன நாளில் இண்டர்னல் தேர்வு, இன்ன நாளுக்குள் தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதி. அதற்குப் பின்னால் உங்கள் தந்தையின் வியர்வை இருக்கிறது. அதை எழுதி வைக்காமல், எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்று சொல்லித் திரிவது எப்படிச் சரியாகும்?

இதை நான் ஏன் இன்று பேச நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவர், அஸர் தொழுகைக்குப் பின் அனைவரும் கலைந்த பிறகும் தூணோரமாக அமர்ந்திருந்தார். அவருடைய தந்தை தையற்கடை ஒன்றில் கூலிக்குத் தைப்பவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை இவர்தான். என்னவென்று கேட்டேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பருவத் தேர்வு எழுத முடியாமற் போய்விட்டது என்றார். காரணம் நோய் அல்ல, வறுமையும் அல்ல. தந்தை தேர்வுக் கட்டணத்தை உரிய நேரத்தில் கொடுத்துவிட்டார். பிள்ளையும் நாளை கட்டுகிறேன், நாளை கட்டுகிறேன் என்று பையில் வைத்திருந்தார். கடைசி நாள் சென்றது. அபராதத்துடன் கட்டும் நாளும் சென்றது. இடையில் நண்பர்களுடன் இங்கும் அங்குமாகப் பணமும் கரைந்தது. ஆறு தாள்களும் மொத்தமாக அரியர் ஆகிவிட்டன. வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்த நிறுவனத்தார் அரியர் இல்லாதவர்களை மட்டுமே நேர்காணலுக்கு அழைத்தார்கள். வீட்டில் இன்னும் தெரியாது.

"எல்லாம் தக்தீர், ஹஜ்ரத்" என்றார் கடைசியில்.

பெருமக்களே, அந்த ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கியது. பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம், அதில் வியப்பில்லை. ஆனால் தன் கையால் தவறவிட்ட தேதியைக் கொண்டுபோய் அல்லாஹ்வின் விதியின் மீது சுமத்துவதா? விதியை நம்புவது ஈமானின் கடமை. சோம்பலுக்கு விதியைச் சாட்சிக்கு அழைப்பது ஈமான் அல்ல. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று வினவிய தோழரிடம், முதலில் அதைக் கட்டு, பின்பு தவக்குல் வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரத் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ்வின் உதவி நிச்சயம் என்று அறிந்த நபியவர்கள் எப்படிப் புறப்பட்டார்கள்? தம் படுக்கையில் அலீ (ரலி) அவர்களைப் படுக்க வைத்தார்கள். மதீனாவுக்கு எதிர்த் திசையில் உள்ள ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். பகலில் மக்காவில் நடப்பவற்றை அறிந்து இரவில் வந்து சொல்ல அபூபக்ர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் இருந்தார்கள். பால் கொடுக்க ஆடுகளை ஓட்டிவர ஆமிர் பின் ஃபுஹைரா இருந்தார்கள். வழிகாட்டிக்குக் கூலி பேசி, மூன்று இரவுகள் கழித்து ஒட்டகங்களுடன் குகைக்கு வர வேண்டும் என்று நாளும் இடமும் முன்கூட்டியே குறித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. எந்த நாளில், எந்த இடத்தில், யார், என்ன என்பதெல்லாம் திட்டமிடப்பட்ட பயணம் அது. அந்த நபியின் உம்மத்தினர் நாம்!

அந்த மாணவரை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ள எனக்குத் தகுதியும் இல்லை. அதற்கு என் சொந்த வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அரபுக் கல்லூரியில் ஓதிய ஏழு ஆண்டுகளும் எங்களுக்கு நாட்குறிப்பே தேவைப்படவில்லை. தஹஜ்ஜுதுக்கு எழுப்ப ஒரு மணி, பாடத்துக்கு ஒரு மணி, உணவுக்கு ஒரு மணி, முதாலஆவுக்கு ஒரு மணி. மணியடிப்பவர் எங்களுக்காக எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தார். பட்டம் பெற்று வெளியே வந்து இமாமாகப் பொறுப்பேற்றபோது மணி நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒழுங்கு என்று ஒன்று உண்மையில் இருக்கவில்லை, மணிச்சத்தம் மட்டுமே இருந்தது என்று விளங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆசிரியரும் தாயாரும் விரட்ட விரட்டப் படித்து, பின் விடுதி அறையில் தனியாக விடப்படும் பிள்ளைகளின் நிலையும் இதுவே.

அந்த நாட்களில் மஹல்லாவின் முதியவர் ஒருவர் நோய்வாய்ப்பட்டிருந்தார். ஒரு நாள் மஃக்ரிபுக்குப் பின் ஆளனுப்பி, தாம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், தமக்கு யார் தர வேண்டும் என்ற விவரங்களையெல்லாம் சொல்வதாகவும், அவற்றை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நாளை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதி வைக்கவில்லை. மறுநாள் ஒரு நிக்காஹ், அதற்கடுத்த நாள் வெளியூர்ப் பயான். மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு முன் அவருடைய மவ்த்துச் செய்தியை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியவனாக நானே நின்றேன். அடக்கம் முடிந்த பின் இருவர் வந்து, மய்யித்து தங்களுக்குப் பணம் தர வேண்டியிருந்தது என்றார்கள். மகன்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவருக்குக் கொடுத்தார்கள், மற்றொருவரை நம்ப மறுத்துவிட்டார்கள். யார் சொன்னது உண்மையென்று அல்லாஹ்வே அறிவான். அந்தக் காகிதம் இருந்திருந்தால் நானும் அறிந்திருப்பேன்.

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உடைய முஸ்லிம், அது எழுதப்பட்டுத் தன்னிடம் இல்லாத நிலையில் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்துடைய நபிமொழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதைக் கேட்ட நாள் முதல் ஓர் இரவு கூடத் தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் கழிந்ததில்லை என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இந்த ஹதீஸை எழுத்தெழுத்தாக ஓதிப் பட்டம் பெற்றவன்தான் நான்! ஒரு முதியவரின் இரண்டு இரவுகளை என் மறதியால் வீணாக்கினேன். அன்று முதல் என் ஜுப்பாவின் பையில் ஒரு சிறு டைரி இருக்கிறது. அதில் ஒன்றைக் குறிக்காமல் எவருக்கும் நாளை என்று வாக்களிப்பதில்லை.

நாளை என்ற சொல்லின் மீது இஸ்லாம் வைத்திருக்கும் கவனத்தைப் பாருங்கள். இதை நாளை செய்வேன் என்று, அல்லாஹ் நாடினால் என்பதைச் சேர்க்காமல் சொல்ல வேண்டாம் என்று ஸூரத்துல் கஹ்ஃபின் 23, 24ஆம் வசனங்களில் அல்லாஹ் தன் தூதருக்கே கற்பிக்கிறான். நம் மக்களோ இன்ஷா அல்லாஹ் என்பதைச் செய்யாமல் இருப்பதற்கான நாகரிகச் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். வருவீர்களா என்றால் இன்ஷா அல்லாஹ். வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்! அந்தத் திருவசனம் திட்டமிடுவதைத் தடுக்கவில்லை. நான் செய்வேன் என்று உறுதிகொள்பவனுக்கே, முடிவு உன் கையில் இல்லை என்று நினைவூட்டுகிறது. எதையும் செய்ய எண்ணாதவனுக்கு இன்ஷா அல்லாஹ் எதற்கு?

சரி, நாட்குறிப்பை மாணவர் எப்படிப் பயன்படுத்துவது? பிளானர் என்ற பெயரில் வண்ண வண்ணமாக விலையுயர்ந்த ஏடுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிப் படம் பிடித்து நண்பர்களுக்குக் காட்டுவதோடு பலருக்கு வேலை முடிந்துவிடுகிறது. சாதாரணக் கோடு போட்ட நோட்டு ஒன்றே போதுமானது. ஜனவரி மாதத்தில் நகைக்கடைக்காரரும் துணிக்கடைக்காரரும் இலவசமாகக் கொடுக்கும் டைரிகள் நம் வீடுகளில் பால் கணக்கு எழுதத்தான் பயன்படுகின்றன. அவற்றில் ஒன்றை உம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியிலும் குறிக்கலாம், அதில் மார்க்கத் தடை ஏதுமில்லை. ஆனால் தேதி பார்க்கக் கைப்பேசியைத் திறந்தவர் அரை மணி நேரம் கழித்து, எதற்காகத் திறந்தோம் என்பதையே மறந்து மூடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். காகிதத்தில் குறிப்பவருக்கு அந்தச் சோதனை இல்லை.

பருவம் தொடங்கும் முதல் வாரத்திலேயே கல்லூரி தரும் கால அட்டவணையை எதிரில் வைத்து உட்காருங்கள். இண்டர்னல் தேர்வு நாட்கள், கட்டணத்தின் கடைசி நாள், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் ஆகியவற்றை அந்தந்தப் பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதும் ஏழு பக்கங்கள் பின்னால் புரட்டி, இன்னும் ஒரு வாரம் என்று அங்கேயும் எழுதுங்கள். கடைசி நாளை அந்த நாளில் மட்டும் குறித்து வைப்பவர், வெள்ளம் வந்த பிறகு அணை கட்டுபவரைப் போன்றவர். வருகைப்பதிவையும் குறியுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 75 விழுக்காடு வேண்டும் என்கிறார்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாட்கள் என்று கொண்டால் 22 நாட்களுக்கு மேல் விடுப்பு எடுக்க இயலாது. அக்காள் திருமணம், ஊர் விசேஷம் என்று தொடக்கத்திலேயே அவற்றைச் செலவழித்துவிட்டு, பின்னர் காய்ச்சல் வரும்போது கையைப் பிசைந்து நிற்பவர்கள் பலர்.

ரமளானையும் இரு பெருநாட்களையும் அதே நேரத்தில் குறித்துவிடுங்கள், ஆனால் பென்சிலால். பிறையைப் பார்த்த பின்தானே உறுதி! சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாட்கள் குறைவு என்பதால் ரமளான் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகர்கிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் மற்றொன்றுமாக ஒரே ஆண்டில் இரண்டு ரமளான்கள் தொடங்கவிருக்கின்றன. உங்கள் தேர்வு மாதத்தில் ரமளான் வருமா என்பதை ஆறு மாதங்களுக்கு முன்பே கணக்கிட முடியும்போது, நோன்பு வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது என்று கடைசி வாரத்தில் வந்து கேட்பது ஏன்? ஷஃபானிலேயே கடினமான பாடங்களை முடித்துவிடலாமே!

ஜும்ஆவும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆய்வகம் வைத்துவிட்டார்கள், ஜும்ஆவுக்கு வர முடியவில்லை என்று பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். அட்டவணை வந்த முதல் வாரத்திலேயே துறைத் தலைவரைப் பணிவோடு சந்தித்து, எழுத்து மூலம் கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கிறது. பிற மதத்துப் பேராசிரியர்கள் எத்தனையோ பேர் நம் பிள்ளைகளுக்கு மனமுவந்து நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பருவம் கடந்த பிறகு வாசலில் நின்று வாதாடினால் அவர்களால்தான் என்ன செய்ய முடியும்?

ஒவ்வொரு நாளின் பக்கத்தையும் மணிக்கணக்காகக் கோடு போட வேண்டியதில்லை. அல்லாஹ்வே நம் நாளை ஐந்தாகப் பிரித்துத் தந்திருக்கிறான். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று ஸூரத்துந் நிஸாவின் 103ஆம் வசனம் கூறுகிறது. பக்கத்தில் ஃபஜ்ரு, லுஹர், அஸர், மஃக்ரிப், இஷா என்று ஐந்து சொற்களை இடைவெளி விட்டு எழுதுங்கள். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். ஃபஜ்ருக்குப் பின் உள்ள நேரத்தில் மிகக் கடினமான பாடத்தை வையுங்கள். தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரகத் வேண்டி நபியவர்கள் துஆ செய்ததை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) அவர்கள் ஒரு வணிகர். தம் சரக்குகளைப் பகலின் தொடக்கத்திலேயே அனுப்பி வந்ததால் செல்வம் பெருகிற்று என்று அந்த அறிவிப்பிலேயே காண்கிறோம். நம் பிள்ளைகளோ இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, பரகத் இறங்கும் நேரத்தில் போர்வைக்குள் இருக்கிறார்கள். இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. இரவு ஒழுங்குபடாதவருக்குக் காலை ஒழுங்குபடாது.

நேரமே இல்லை ஹஜ்ரத் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். கல்லூரி வகுப்புகள் 30 மணி. பேருந்தில் போகவர 10. தூக்கம் நாளுக்கு 7 வீதம் 49. ஒளூச் செய்து பள்ளிக்கு நடந்து ஜமாஅத்துடன் தொழுதுவர நாளுக்குத் தாராளமாக 2 மணி வீதம் 14. உணவு, குளியல், வீட்டு வேலை என்று நாளுக்கு 3 வீதம் 21. எல்லாம் சேர்த்து 124. மீதம் 44 மணி நேரம்! அது எங்கே போகிறது? ஒரு வாரம் மட்டும், போன நேரத்தைப் போனபடி நாட்குறிப்பில் எழுதிப் பாருங்கள். உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் பெரும்பாலான மக்கள் ஏமாந்து இழக்கும் இரு அருட்கொடைகள் என்ற கருத்தில் வரும் புகாரியின் ஹதீஸ் அப்போது விளங்கும்.

நாம் ஷாஃபிஈ மத்ஹபில் எவருடைய நூல்களை ஓதி வருகிறோமோ, அந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் ஒரு காலத்தில் வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிய மாணவர்தாம். ஹிஜ்ரி 649இல் நவா என்ற ஊரிலிருந்து டமாஸ்கஸ் வந்தபோது அவர்களுக்கு ஏறக்குறைய 19 வயது. தன்பீஹ் என்ற ஃபிக்ஹு நூலை நாலரை மாதங்களில் மனனம் செய்தார்கள். நாளொன்றுக்கு 12 பாடங்களை வெவ்வேறு உஸ்தாதுகளிடம் ஓதியதாகவும், கடினமான இடங்களுக்கு விளக்கக் குறிப்புகள் எழுதி வந்ததாகவும், அல்லாஹ் தம் நேரத்தில் பரகத் செய்ததாகவும் அவர்கள் கூறியதை அவர்களின் மாணவர் இப்னுல் அத்தார் பதிவு செய்திருக்கிறார். ஹிஜ்ரி 676இல் 45 வயதில் மறைந்தார்கள். மின்ஹாஜும் ரியாளுஸ் ஸாலிஹீனும் அந்தக் குறுகிய ஆயுளில் விளைந்தவை. பக்தாதின் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இன்னொரு வழி காட்டுகிறார்கள். வெட்டிப்பேச்சுக்கு வரும் விருந்தினரைத் தவிர்க்க முடியாதபோது, காகிதம் வெட்டுதல், எழுதுகோல் சீவுதல், ஏடுகளைக் கட்டுதல் போன்ற வேலைகளை அந்நேரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்களாம். அவற்றுக்குச் சிந்தனை தேவையில்லை, கை இருந்தால் போதும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதையும் கோடு போடுவதையும் நண்பர்களோடு அமர்ந்திருக்கும் நேரத்துக்கு வையுங்கள். தனிமையான நேரத்தைப் பாடத்துக்குக் காத்து வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதல் நாளில் இருபது வேலைகளை எழுதி, இரண்டை மட்டும் முடித்து, மூன்றாம் நாளில் நோட்டையே பரணில் போட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது என்ற நபிமொழி இதற்கும் பொருந்தும். ஒரு நாளுக்கு மூன்று வேலைகள் போதும். அபுத் தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, உன் இறைவனுக்கும் உன் உடலுக்கும் உன் குடும்பத்துக்கும் உன் மீது உரிமைகள் உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் நினைவூட்டினார்கள். அதை நபியவர்களும் சரிகண்டார்கள். ஆகவே உறக்கத்தையும் விளையாட்டையும் உம்மாவுடன் பேசும் நேரத்தையும் வெட்டிவிட்டு எழுதப்படும் திட்டம் இஸ்லாமியத் திட்டம் அல்ல.

இரவில் படுக்கும் முன் அன்றைய பக்கத்தைப் பாருங்கள். விசாரிக்கப்படும் முன் உங்களை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்து உமர் (ரலி) அவர்களைத் தொட்டு அறிவிக்கப்படுகிறது. ஆனால் முஹாஸபா என்ற பெயரில் உங்கள் பாவங்களை நோட்டில் எழுதி வைக்காதீர்கள்! அல்லாஹ் மறைத்த குற்றத்தைத் தானே அம்பலப்படுத்துபவனைப் பற்றி ஹதீஸில் கடுமையான எச்சரிக்கை வந்துள்ளது. நாட்குறிப்பு ஒரு நாள் யார் கையிலாவது கிடைக்கும். விட்டுப்போன வேலையை எழுதுங்கள். செய்துவிட்ட பாவத்துக்கு ஸஜ்தாவில் அழுங்கள்.

கல்லூரி செல்லும் மகள்களுக்கு ஒரு வார்த்தை. ரமளானில் விடுபட்ட நோன்புகளின் எண்ணிக்கையை அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் களா நோன்புகளை ஷஃபானில் நிறைவேற்றியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அதாவது எத்தனை பாக்கி, எந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. தாய்மார்களே, மகன் படிக்கும்போது சத்தம் போடாதே என்கிறீர்கள். மகள் படிக்கும்போது அடுப்படிக்கு அழைக்கிறீர்கள். அவளுடைய நாட்குறிப்பிலும் படிப்பு நேரம் என்று ஒரு கோடு இருக்கிறது. அதையும் மதியுங்கள்.

தந்தையரே, பிள்ளையின் நோட்டைக் காவல்துறையினர் போலச் சோதனையிடாதீர்கள். சோதனையிடப்படும் நோட்டில் உண்மை எழுதப்படாது. மாதம் ஒருமுறை, வர இருக்கும் தேதிகள் என்னென்ன, பணம் எப்போது வேண்டும் என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள், போதும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு இதையும் கேட்கலாமே.

மறுமையில் ஆதமின் மகன், தன் ஆயுளை எப்படிக் கழித்தான், இளமையை எதில் செலவிட்டான், பொருளை எப்படி ஈட்டி எதில் செலவிட்டான், கற்றதைக் கொண்டு என்ன செய்தான் என்று கேட்கப்படாமல் அவன் பாதங்கள் நகரா என்ற கருத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் உள்ளது. ஆயுளைப் பற்றிக் கேட்ட பின்னும் இளமைக்கெனத் தனியாக ஒரு கேள்வி இருப்பதைக் கல்லூரிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

தூணோரமாக அமர்ந்திருந்த அந்த மாணவரை அன்று இரவே அவருடைய வீட்டுக்கு நான்தான் அழைத்துச் சென்றேன். வழியில் பெட்டிக்கடையில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தந்தை முதலில் கோபப்பட்டார், பிறகு அழுதார், பிறகு அனைவருக்கும் தேநீர் வைக்கச் சொன்னார். அடுத்த பருவத்தில் ஆறு அரியர் தாள்களையும் புதிய தாள்களையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. நான்கில் தேறினார், மீதி இரண்டை அதற்கடுத்த பருவத்தில் முடித்தார். ஒரு நாள் லுஹருக்குப் பின் அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஓரங்கள் மடங்கி, அட்டை கிழிந்திருந்தது. ஃபஜ்ரு, லுஹர் என்று ஐந்து சொற்கள் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தன. கடைசிப் பக்கத்தைப் புரட்டியபோது அங்கே தனியாக ஒரு கணக்கு இருந்தது. செலவழித்துவிட்ட தேர்வுக் கட்டணத்தை அத்தாவுக்குத் தர வேண்டிய கடன் என்று எழுதி, மாலையில் சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து மூன்று தவணைகள் அடைத்திருந்தார். நான்காம் தவணை எப்போது என்று கேட்டேன். ஆண்டும் மாதமும் தேதியும் எழுதி, அருகில் இன்ஷா அல்லாஹ் என்றும் எழுதியிருந்தார்.